நான்காம் கேள்விக்குப் பதில்

பிப்ரவரி 6

என் ஒரே அக்காவின் ஒரே மகளும், நீதிமன்றத் தட்டச்சு இயந்திரங்களின் மகாராணியும், ஐந்து வயதிலிருந்தே என் கதைகளைக் குத்திக் காற்றைப் பிடுங்குவதால் என்னால் ‘குண்டூசி’ என்று பட்டம் சூட்டப்பட்டவளுமாகிய மருமகளுக்கு, மாமா எழுதுவது. இங்கே நான் நலம். அங்கே உன் நலத்தையும், என் அக்காவின் முழங்கால்களின் நலத்தையும், இடதும் வலதும் தனித்தனியாக, அறிய ஆவல்.

கையெழுத்தைப் பார்த்துவிட்டுக் கோழி ஏதோ கடிதம் போட்டிருக்கிறது என்று எண்ணிவிடாதே. இடது கையால் எழுதுகிறேன். வலது கைக்கு விடுப்புக் கொடுத்திருக்கிறேன். முப்பத்தொரு வருஷமாக இந்த ஆஸ்பத்திரியின் கட்டுப் போடும் அறையில் அது உழைத்த உழைப்பு உனக்குத் தெரியும். நான் இதுவரை சுற்றிய கட்டுத்துணியை ஒன்றோடொன்று முடிந்தால் நிலாவுக்குப் போய்த் திரும்பி வரலாம். வரும் வழியில் சூரியனுக்கும் ஒரு சுற்றுப் போட்டுவிட்டு வரலாம். அப்பேர்ப்பட்ட கை, போன வாரம் ஒரு மருந்து அலமாரியிடம் தோற்றுப்போனது. ஒன்றுமில்லை, அலமாரி சாய்ந்தது, நான் கீழே நின்றேன். மணிக்கட்டில் ஒரு கீறல் விரிசல், புருவத்துக்கு மேல் நாலு தையல். தையல் போட்ட டாக்டர் என் நெற்றியின் அழகைப் பார்த்து மயங்கி விழப் பார்த்தார், நான்தான் தாங்கிப் பிடித்தேன்.

அக்காவிடம் சொல்லாதே. அவள் கிளம்பி வந்தால் அந்த அலமாரிக்குப் பாதுகாப்பு இல்லை. போனிலும் கூப்பிடாதே. என் சாகசங்களின் எடையை அந்தக் கம்பி தாங்காது.

இப்படிக்கு, ஒற்றைக் கையால் உலகை ஆளும்
உன் மாமா


பிப்ரவரி 14

அன்புள்ள மாமாவுக்கு, குண்டூசி எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் சுகம். அம்மாவின் இடது முழங்கால் சுகம், வலது முழங்கால் கொஞ்சம் கோபத்தில் இருக்கிறது. உங்கள் கை எப்படி இருக்கிறது? தையல் பிரித்தாயிற்றா?

அம்மாவிடம் சொல்லவில்லை. ஆனால் உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நான் நாள் முழுக்கச் சாட்சிகள் சொல்வதைத் தட்டச்சு செய்கிறவள். அது என் குற்றம் இல்லை, பழகிப்போன விரல்கள் கேள்வி கேட்கின்றன. உங்கள் அறையில் இருக்கும் அலமாரி சுவரோடு பதித்தது. போன வருஷம் வந்தபோது அதில் சாய்ந்துகொண்டுதான் டீ குடித்தேன். அது எப்படிச் சாய்ந்தது? எத்தனை மணிக்கு? அப்போது அறையில் வேறு யார் இருந்தார்கள்? புருவத்தில் விழுந்த அலமாரி தோளை எப்படி விட்டுவைத்தது?

பதில் சொல்ல விருப்பமில்லை என்றால் விருப்பமில்லை என்றே எழுதுங்கள். அதையும் தட்டச்சு செய்யப் பழகியிருக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். மாத்திரையை மறக்காதீர்கள்.

உங்கள் குண்டூசி


பிப்ரவரி 27

குறுக்கு விசாரணையில் வழக்கறிஞர்களையே வேலையை விட்டு ஓட வைக்கும் மருமகளுக்கு மாமாவின் ஆசிகள். நான் பாறை போல நலம். நீங்களும் அப்படியே இருப்பீர்களாக.

சரி, தோற்றேன். அலமாரிக்குக் கை கால் இருந்தது. போதுமா?

அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. வேடிக்கை அதற்குப் பிறகுதான். நிர்வாக அலுவலகத்திலிருந்து என் இலக்கியத் திறமையைக் கேள்விப்பட்டு ஒரு படிவம் அனுப்பியிருக்கிறார்கள். பதினொரு கேள்விகள்! ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டே கோடு. இரண்டு கோட்டில் என்னை அடக்கப் பார்க்கிறார்கள். நான் விடுவேனா? பின்பக்கம், ஓரம், முத்திரை வைக்கும் இடம் எல்லாவற்றிலும் எழுதித் தள்ளிவிட்டேன். நீ ரசிப்பாய் என்பதற்காகச் சிலதை மட்டும் இங்கே தருகிறேன்.

மூன்றாம் கேள்வி, தாக்கியவரை விவரிக்கவும். என் பதில்: உயரம் பதினெட்டு அடி. மீசையை மட்டும் தூக்க இரண்டு ஊழியர்கள் வேண்டும். அவர் விட்ட மூச்சில் எங்கள் ஜன்னல் திரைகள் பக்கத்து வார்டுக்குக் குடிபோய்விட்டன.

ஐந்தாம் கேள்வி, எந்தப் பொருளால் தாக்கினார். என் பதில்: இரும்பு ஸ்டூல். அது வந்த வேகத்தைப் பார்த்தால் வேறு கிரகத்திலிருந்து முன்தினமே கிளம்பியிருக்க வேண்டும்.

ஒன்பதாம் கேள்வி, உங்களுக்கு என்ன உதவி தேவை. என் பதில்: ஒரு யானைப்படை. கையிருப்பில் இல்லாவிட்டால் ஒரு கப் டீ.

எழுதிக் கொடுத்துவிட்டு வேலைக்கும் திரும்பிவிட்டேன். கட்டுப் போடும் அறை என்னைக் கண்டதும் ஆனந்தக் கண்ணீர் வடித்தது. (குழாய் ஒழுகுகிறது.)

அக்காவுக்கு நான் நலமென்று சொல்.

பதினெட்டு அடியை வென்ற
உன் மாமா


மார்ச் 6

அன்புள்ள மாமாவுக்கு, வணக்கம். இங்கே எல்லாரும் சுகம். நீங்கள் சுகமாக இருக்கிறீர்கள் என்று இனி நீங்கள் எழுதினால் நம்பப்போவதில்லை.

உங்கள் கடிதத்தை முதல் முறை படித்தபோது சிரித்தேன். மீசை வரிக்கு வாய்விட்டே சிரித்தேன். பிறகு, யாரோ ஒருவன் உங்கள் முகத்தில் இரும்பு ஸ்டூலால் அடித்திருக்கிறான், அதைப் படித்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன் என்று உறைத்தது. கடிதத்தைக் கவிழ்த்து வைத்தேன். ஏன் மாமா என்னைச் சிரிக்க வைத்தீர்கள்?

கோபத்தை விடுங்கள். வேலையைப் பேசுவோம். அந்தப் படிவம் வேடிக்கை இல்லை. எங்கள் நீதிமன்றக் கூடத்தில் ஒரு சாட்சி ‘பதினெட்டு அடி’ என்று சொல்லியிருந்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் சிரித்துக்கொண்டே எழுந்திருப்பார். “இவருக்கு உண்மையிலேயே அடிபட்டதா, அதுவும் பதினெட்டு அடிதானா?” என்று கேட்பார். அதோடு முடிந்தது. உங்கள் தையல் கூடக் கதையாகிவிடும்.

இன்னொன்று. மூன்று, ஐந்து, ஒன்பது என்று எழுதியிருக்கிறீர்கள். மற்றதையும் கேட்டால் அனுப்புவீர்கள் என்று தெரியும். ஆனால் நான்காம் கேள்வி என்ன? மூன்றிலிருந்து ஐந்துக்கு ஏன் தாவினீர்கள்? உங்களுக்குக் கதை சொல்லும்போது தாவுகிற பழக்கம் கிடையாதே. நடுவில் நின்று இன்னும் இரண்டு யானையைச் சேர்ப்பீர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நிஜமாகவே பார்த்துக்கொள்ளுங்கள்.

குண்டூசி


ஏப்ரல் 9

மருமகளுக்கு,

நலம். பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. வேலை அதிகம். கை எலும்பு கூடிவிட்டது, இது வலது கை எழுத்துதான். படிவத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அது போகட்டும். இன்னும் இரண்டு வருஷ வேலை இருக்கிறது, ஆனால் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டேன். மூன்று நாளாக மழை.

அக்காவைக் கேட்டதாகச் சொல்.

மாமா


ஏப்ரல் 15

அம்மா, வணக்கம். நலமாக இருக்கிறீர்களா? உங்களுக்கு என்னைத் தெரியாது. உங்கள் மாமா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவின் தலைமை நர்ஸ் நான். என்னைச் ‘சேனாதிபதி’ என்று கூப்பிடுவார். கூப்பிட்டுக்கொண்டிருந்தார். உங்கள் கடித உறை அவர் மேஜையில் இருந்தது, விலாசத்தை அதிலிருந்து எடுத்தேன். மன்னிக்க வேண்டும்.

அவர் உங்களிடம் எவ்வளவு சொல்லியிருப்பார் என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். ஜனவரி கடைசி வாரம், காலை பத்தேகால் இருக்கும். ஒரு பெரியவருக்கு முழங்காலுக்குக் கீழே ஆறாத புண். உங்கள் மாமா கட்டு மாற்றிக்கொண்டிருந்தார். அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அது அங்கே தினமும் கேட்கிறதுதான். வெளியே பெரியவரின் மகன் நின்றிருந்தார். காலை எடுக்க வேண்டியிருக்கலாம் என்று டாக்டர் அப்போதுதான் அவரிடம் சொல்லியிருந்தார். சிரிப்பைக் கேட்டு உள்ளே போனார். பிறகு ஸ்டூல் சத்தம். நான் ஓடிப் போனபோது உங்கள் மாமா தரையில் உட்கார்ந்திருந்தார், கையில் இன்னும் இடுக்கியைப் பிடித்துக்கொண்டு.

ஆஸ்பத்திரி அவருக்குத் தந்தது ஒரு நாள் விடுப்பும் ஒரு படிவமும். மற்ற நாளெல்லாம் அவருடைய சொந்த விடுப்பு. மூன்று வருஷம் முன்னால் ஒருவர் என் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதியபோது அந்தப் படிவமும் இல்லை. அதனால் இந்த முறை விடுவதாக இல்லை.

அவர் எழுதிய பதில்களை ‘ஏற்கத்தக்கவை அல்ல’ என்று திருப்பிவிட்டார்கள். மே பன்னிரண்டாம் தேதி விசாரணை. அதற்குள் ஒழுங்காக எழுதித் தராவிட்டால், மகன் தரப்பில் சொன்னதையே எழுதிக் கோப்பை மூடிவிடுவார்கள். அவர்கள் சொன்னது, ‘ஊழியர் நோயாளியைக் கேலி செய்தார்.’

நான் எழுத வந்தது இதற்கும் மேலே ஒன்று. வேலைக்குத் திரும்பிய நாளிலிருந்து உங்கள் மாமா கட்டுப் போடும்போது ஒரு வார்த்தை பேசுவதில்லை. ‘காலை நீட்டுங்க’, ‘முடிஞ்சது’. அவ்வளவுதான். முன்பெல்லாம் அந்த அறைக்குப் போக நோயாளிகள் முந்துவார்கள். இப்போது உள்ளேயிருந்து கத்தரிக்கோல் சத்தமும் முனகலும்தான் வருகிறது. அவர் கை நடுங்குகிறது. துணி மடிக்கிற சாக்கில் நானோ இன்னொரு நர்ஸோ கூடவே உட்கார்ந்திருக்கிறோம். அவர் எங்களைப் போகச் சொல்லவில்லை. அதுவே பெரிது.

அவருடைய ராஜினாமா என் இழுப்பறையில் இருக்கிறது. மேலே அனுப்ப மறந்துவிட்டேன். தினமும் மறந்துகொண்டிருக்கிறேன். ஆனால் எவ்வளவு நாள்தான் மறப்பது?

உங்கள் வீட்டில் எல்லாரும் நலமாயிருக்க வேண்டுகிறேன்.

தலைமை நர்ஸ், அவசரப் பிரிவு


ஏப்ரல் 20

அன்புள்ள என் மாமாவுக்கு,

சுகமா என்று கேட்கப்போவதில்லை. சுகமில்லை என்று எனக்குத் தெரியும். சேனாதிபதி எழுதியிருந்தார். அவர் மேல் கோபப்படாதீர்கள். கோபப்பட்டாலும் அவர் பயப்படுகிற ஆளாகத் தெரியவில்லை.

பதினெட்டு அடி என்று எழுதியதற்காகப் போன கடிதத்தில் உங்களைக் கடிந்துகொண்டேன். குண்டூசிக்குக் குத்தத்தான் தெரிந்திருக்கிறது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் நீதிமன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. எழுத வராதவர்கள், எழுதக் கை வராதவர்கள், நேரே என் முன்னால் உட்காருவார்கள். அவர்கள் பேசுவார்கள், நான் தட்டுவேன். நான் அவர்கள் முகத்தைப் பார்க்க மாட்டேன், அப்போதுதான் அவர்களுக்குப் பேச வரும். நீங்களும் அப்படி உட்காருங்கள். படிவத்தை மறந்துவிடுங்கள். இரண்டு கோடு கிடையாது. அலுவலகம் கிடையாது. எனக்கு எழுதுங்கள். நான் முகத்தைப் பார்க்க முடியாத தூரத்தில்தான் இருக்கிறேன்.

நான்காம் கேள்வி என்னவென்று சேனாதிபதியிடம் போனில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ‘சம்பவத்துக்குச் சற்று முன் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?’ அதை மட்டும் சொல்லுங்கள். எந்த வரிசையில் வருகிறதோ அந்த வரிசையில்.

காத்திருக்கும்
குண்டூசி


ஏப்ரல் 30

குண்டூசிக்கு,

நான் நலமாக இல்லை. அதை எழுத ஒரு வாரம் ஆயிற்று.

பெரியவருக்கு எழுபது வயது இருக்கும். புண்ணில் துணி ஒட்டியிருந்தது. உப்புத் தண்ணீர் விட்டு ஊறவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். பத்து நிமிஷம் ஆகும். அந்தப் பத்து நிமிஷமும் ஆளை வேறெங்காவது கூட்டிப்போய்விட வேண்டும், அதுதான் என் வேலை முறை. யாரும் சொல்லித் தரவில்லை, நானாகப் பிடித்துக்கொண்டது. அன்றைக்குப் புயல் காற்றில் குடையைப் பிடித்துக்கொண்டு நாற்பது மைல் பறந்த கதையைச் சொன்னேன். முப்பதாவது மைலில் எதிரே இன்னொரு குடைக்காரர் வருகிறார், வழி விடச் சொல்லிச் சண்டை போடுகிறார். அந்த இடத்தில் பெரியவர் சிரித்தார். உடம்பு குலுங்கச் சிரித்தார். துணியின் கடைசி மூலை அப்போதுதான் வந்தது. அவருக்குத் தெரியவே இல்லை.

கதவு திறந்தது. “எங்கப்பாவுக்குக் காலே போகப்போகுது, நீ சிரிச்சிட்டிருக்கியாடா?” என்றான். நான் எழுந்து நின்றேன். ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். ஸ்டூலைத் தூக்கினான். கையை உயர்த்தினேன், மணிக்கட்டில் பட்டது. இரண்டாவது அடி புருவத்தில். பெரியவர் “டேய், டேய்” என்று கத்திக்கொண்டே புண் காலோடு இறங்கப் பார்த்தார். நான் அவரைத் தாங்க வேண்டும் என்று நினைத்தேன். முடியவில்லை.

அவன் பதினெட்டு அடி இல்லை. ஐந்தரை அடி இருப்பான். ஒல்லி. மீசை கிடையாது. உள்ளே வருவதற்கு முன்னாலேயே அழுதிருந்தான், கண் சிவந்திருந்தது.

இதில் என் தப்பு என்னவென்று உனக்குத் தெரியும். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் அவன் உள்ளே வந்திருக்க மாட்டான். ஒரு மனுஷன் உள்ளே நொறுங்கிப்போய் நிற்கிற இடத்துக்கு இந்தப் பக்கம் நான் குடை விட்டுக்கொண்டிருந்தேன். என் தப்புதான். அதனால்தான் வாயை மூடிவிட்டேன். இனி யாரையும் சிரிக்க வைக்க எனக்குத் தைரியம் இல்லை. சிரிக்க வைக்காமல் கட்டுப் போட எனக்குத் தெரியாது. ஆகவே ராஜினாமா. என் தப்பு, அவ்வளவுதான்.

அக்காவின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

மாமா


மே 5

அன்புள்ள மாமாவுக்கு, குண்டூசி எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் சுகம், ஆனால் ஒன்று நடந்துவிட்டது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இத்துடன் தட்டச்சு செய்த ஒரு பக்கம் இருக்கிறது. எல்லாம் நீங்கள் சொன்ன சொற்கள்தான். ஒன்றைக்கூடக் கூட்டவில்லை. ஒன்றை மட்டும் எடுத்துவிட்டேன். ‘என் தப்பு’ என்று மூன்று இடத்தில் எழுதியிருந்தீர்கள். சேனாதிபதி அனுப்பிய பதினொரு கேள்விகளையும் பார்த்தேன், அது எந்தக் கேள்விக்கும் பதிலாக இல்லை.

நான்காம் கேள்விக்கு நேராக இப்படி இருக்கிறது: ‘நோயாளியின் புண்ணில் ஒட்டியிருந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தேன். வலி தெரியாமலிருக்க ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தேன். இது என் வேலை முறை.’ படித்துப் பாருங்கள். இதில் வெட்கப்பட எது இருக்கிறது? அவர் கதவுக்கு அந்தப் பக்கம் அழுதுகொண்டிருந்தார், உண்மை. கதவு மூடியிருந்தது, அதுவும் உண்மை. அவருக்கு அந்தச் செய்தியைச் சொன்ன பிறகு பக்கத்தில் உட்கார அங்கே யாரும் இல்லை. அதற்காக ஸ்டூல் உங்கள் முகத்துக்கு வர வேண்டியதில்லை. உங்களுக்கு அந்த ஆளின் மேல் இரக்கம் இருக்கலாம். இருக்கட்டும். அந்த இரக்கத்தில் கொஞ்சம் என் மாமாவுக்கும் கொடுங்கள்.

சரியென்று பட்டால் கையெழுத்திடுங்கள். படாவிட்டால் திருத்துங்கள். யானையை மட்டும் சேர்க்காதீர்கள்.

நடந்தது என்னவென்றால், தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது அம்மா பின்னால் நின்று முழுவதையும் படித்துவிட்டாள். முதலில், “மரத்துலேர்ந்து விழுந்தப்பவே மரம்தான் விழுந்துச்சு, நான் நின்னுட்டிருந்தேன்னு சொன்னவன்தானே” என்றாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அரை மணி கழித்து வந்து, “அடிச்சவனோட அம்மா விலாசம் இருக்கா? இருந்தா வாங்கு, நான் ரெண்டு வார்த்தை எழுதணும்” என்றாள். இல்லையென்று சொல்லிவிட்டேன். பயணப் பை அலமாரி மேலிருந்து இறங்கிவிட்டது, எச்சரிக்கையாக இருங்கள்.

உங்கள் குண்டூசி


மே 16

மருமகளுக்கும், பையைத் திரும்ப மேலே வைக்கும்படி இதன்மூலம் கேட்டுக்கொள்ளப்படும் அக்காவுக்கும், வணக்கம். உயிரோடு இருக்கிறேன்.

விசாரணை முடிந்தது. நீ அனுப்பிய பக்கத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் கையெழுத்திட்டேன். மேஜைக்குப் பின்னால் மூன்று பேர், தண்ணீர் ஜாடி ஒன்று. படித்துக் காட்டச் சொன்னார்கள். படித்தேன். இரண்டு இடத்தில் வாசிப்பு நின்றுவிட்டது. சேனாதிபதி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார், தொடர்ந்தேன்.

நடுவில் இருந்தவர், “கேலி பண்ணீங்களா?” என்றார்.

“இல்லீங்க. குடையில பறந்த கதை சொன்னேன்.”

ஓரத்தில் எழுதிக்கொண்டிருந்த பெண்மணி நிமிர்ந்து, “எவ்வளவு தூரம்?” என்றார். நாற்பது மைல் என்றேன். குறித்துக்கொண்டார். பிறகு என்ன குறித்தோம் என்று தோன்றி அடித்துவிட்டார்.

பெரியவர் ஊன்றுகோலோடு வந்திருந்தார். கால் இருக்கிறது, எடுக்கவில்லை. “எனக்கு எட்டு மாசமா வலிங்க. அந்தப் பத்து நிமிஷம்தான் தெரியலை. அதை எழுதிக்குங்க” என்றார். மகன் உள்ளே வரவில்லை. வெளியே தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நின்றிருந்தான். நான் பார்த்தேன், அவனும் பார்த்தான். அவனுக்குரியதை அவர்கள் தனியே முடிவு செய்வார்களாம்.

எனக்குரியது: பணியில் இருந்தபோது தாக்கப்பட்டார், தூண்டுதல் ஏதுமில்லை என்று பதிவாகியிருக்கிறது. இனி யாருக்கு இப்படி நடந்தாலும் அன்றைக்கே ஒருவர் வீடு வரை கூடப் போக வேண்டும், திரும்பி வந்த பிறகும் கூட ஒருவர் இருக்க வேண்டும், வாரம் ஒருமுறை ஆலோசகரிடம் பேசலாம் என்று சேனாதிபதி கேட்டதையெல்லாம் எழுதிக்கொண்டார்கள். வீடு வரை ஒருவர் என்று கேட்டதும் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. அன்று நான் தையலோடு தனியாகத்தான் பஸ்ஸில் போனேன். “என்ன அண்ணே ஆச்சு?” என்று கண்டக்டர் கேட்டார். “அலமாரி” என்றேன். அந்த அலமாரி பிறந்த இடம் பஸ்.

இத்தனையும் நல்லபடியாக முடிந்தும் அறைக்குள் போனால் பேச வரவில்லை. வாய் மட்டும் இன்னும் விடுப்பிலிருந்து திரும்பவில்லை. ராஜினாமாவைச் சேனாதிபதி என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். “இனி மறக்க முடியாது. மாசம் முடியறதுக்குள்ள நீங்களே முடிவு பண்ணுங்க” என்றார்.

இன்னும் முடிவு பண்ணாத
மாமா


மே 29

மூவுலகும் மெச்சும் மருமகளுக்கு, மாமா எழுதுவது. நலம். இந்த முறை நம்பலாம்.

இன்று காலை ஒரு லாரி ஓட்டுநர் வந்தார். முழங்கை முழுக்கத் தோல் உரிந்து மண்ணும் சரளையும் ஏறியிருந்தது. அதைத் துலக்கி எடுப்பது உரிப்பதைவிட மோசம். சேனாதிபதி மூலையில் துணி மடித்துக்கொண்டிருந்தார். நான் இடுக்கியை எடுத்தேன். கை நடுங்கியது. ஆள் அதைப் பார்த்துவிட்டார்.

“என்னண்ணே, புதுசா வேலைக்கு?” என்றார்.

முப்பத்தொரு வருஷம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். ஆமாம் என்பது போல ஆகிவிட்டது.

அந்த மனுஷனுக்கு என் மேல் இரக்கம் வந்துவிட்டது, குண்டூசி. வலியில் இருப்பவர் அவர், என்னைத் தேற்ற ஆரம்பித்தார். “பயப்படாதீங்கண்ணே, மெதுவா பண்ணுங்க. அடி எப்படிப் பட்டுச்சுன்னு சொல்றேன், கேட்டுட்டே பண்ணுங்க” என்றார். நான் முதல் சரளையை எடுத்தேன். சாலையில் போய்க்கொண்டிருந்தாராம். குறுக்கே ஒரு பாம்பாம். பயங்கரமான பாம்பாம், அப்படி ஒன்றை வாழ்நாளில் பார்த்ததில்லையாம். அதைப் பார்த்து அலறி லாரியை ஓரம் கட்டி, இறங்கும்போது விழுந்தாராம்.

“எவ்வளவு பெருசுங்கறீங்க?” என்று அவரே கேட்டுக்கொண்டார். கண்ணை அகல விரித்தார். நான் இடுக்கியோடு காத்திருந்தேன். “நாலடி இருக்கும்ணே!”

நாலடி. மருமகளே, நாலடி! ஒரு லாரியை நிறுத்த, ஒரு ஓட்டுநரை உருட்ட, ஒரு முழங்கையை உரிக்க, நாலடி! என் நடுக்கத்தைத் தீர்க்கத்தான் சொல்கிறார், தெரியும். ஆனாலும் எனக்குப் பொறுக்கவில்லை. நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரிவதற்கு முன்னால் வாய் திறந்துவிட்டது.

“நாலடியா? நாலடிப் பாம்புக்கா லாரியை நிறுத்துனீங்க? வெளியில போய்ச் சொல்லிடாதீங்க, உங்க லாரிக்கு மானக்கேடு.”

“ஏண்ணே, வேற எவ்வளவு இருக்கணும்?”

“தலை உங்க லாரிக்கு முன்னாடி இருந்துச்சில்ல? வாலைப் பார்த்தீங்களா?”

“வாலா? பார்க்கலை.”

“எப்படிப் பார்ப்பீங்க? அது அடுத்த ஊர்ச் சந்தையில ரெண்டு கடையைச் சுத்திட்டு இருந்துச்சு. நடு உடம்பு மேல பஸ் போயிட்டிருந்துச்சு, கண்டக்டர் வேகத்தடைன்னு நினைச்சு டிரைவரைத் திட்டிட்டிருந்தாரு.”

ஓட்டுநர் சிரித்தார். சிரித்தபோது நான் சட்டென்று கதவைப் பார்த்தேன். கதவு மூடியிருந்தது. சேனாதிபதி எழுந்து போய் அதற்குக் குறுக்கே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து மடிப்பைத் தொடர்ந்தார். என் பக்கம் திரும்பவில்லை. அவர் மடித்த துணியெல்லாம் கோணலாக இருந்ததை மட்டும் பார்த்தேன்.

“அப்புறம்ணே?” என்றார் ஓட்டுநர்.

அப்புறம் என்ன, பதினேழு சரளை. எண்ணி எடுத்தேன். கடைசி ஐந்துக்குக் கை நடுங்கவில்லை. கட்டிவிட்டு, “நாளை மறுநாள் மாத்தணும், வந்துடுங்க” என்றேன்.

“நீங்கதானே இருப்பீங்க?”

“நான்தான் இருப்பேன்.”

உன் மாமா